தூக்கம் வரவில்லையா: காதில் ஒலியா, பழக்கத்தில் மாற்றமா?

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரவு முழுக்க லாரிச் சத்தம்தான். தூக்கம் கெட்டதும் பலர் விசாரிப்பது காதிலோ தலையிலோ மாட்டும் ஒலிக்கருவியை. சத்தத்தால் விழித்துக்கொள்கிறவருக்கு அது உதவலாம். மாதக்கணக்கில் புரண்டு கிடப்பவர் முதலில் போக வேண்டியது பழக்கத்தை மாற்றும் சிகிச்சைக்கு என்பேன்.

கருவிகளில் ஒரு வகை, மழை போன்ற சீரான ஒலியால் வெளிச்சத்தத்தை அமுக்கும். இன்னொன்று நெற்றிப்பட்டை. மூளை அலைகளைக் கவனித்து, ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலை எழும் நேரம் பார்த்து மெல்லிய ஒலி எழுப்பும். அப்படி ஒலித்தால் அந்த அலைகள் வலுப்படுவதை 2013-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது ஆரோக்கியமானவர்களை. உறக்கமே பிடிக்காதவரிடம், ஆழ்ந்த உறக்கத்துக்காகக் காத்திருக்கும் கருவி என்ன செய்யும்?

பழக்கத்தை மாற்றும் சிகிச்சையை சிபிடி-ஐ என்பார்கள். அது வேறு இடத்தில் கை வைக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. பெரும்பாலும் 4 முதல் 8 அமர்வுகள். முதலில் தினமும் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். 8 மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுத்திருக்கும் நேரத்தையே ஐந்தரை மணி நேரமாகக் குறைப்பார்கள். இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழ வேண்டும். பகலில் கண்ணயரக் கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கத் தொடங்கியதும், கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டுவார்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். படுக்கையில் செல்போன் கூடாது. விழித்துக் கிடக்கும் இடமாகப் பழகிவிட்ட படுக்கையை மூளை மறுபடி தூங்கும் இடமாகப் பழகுவது இப்படித்தான்.

முதல் சில வாரங்கள் கடினம், பகலெல்லாம் கண் சொக்கும். லாரி ஓட்டுநர்கள், ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் துணையின்றி இதைத் தொடங்கவே கூடாது.

கருவி கூரியரில் வீடு தேடி வரும். சிகிச்சைக்கு நாம்தான் அலைய வேண்டும், அது உண்மையான குறை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் எட்டும் தூரம்தான்.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர் மட்டும் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அதற்கான பரிசோதனைக்குப் போகட்டும்.