ஐகிடோவில் எது வளைய வேண்டும்? யோஷின்கான், இவாமா, கி வழி: ஓர் ஒப்பீடு

"எனக்கு உடம்பு வளையாது. குனிந்தால் கால் விரலைக்கூடத் தொட முடியாது. ஐகிடோவில் சேரலாமா?" டோஜோவுக்கு, அதாவது பயிற்சிக்கூடத்துக்கு, புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாகச் சேரலாம். காலை அகட்டி உட்காரும் வித்தைக்கு இந்த ஜப்பானியத் தற்காப்புக் கலையில் பெரிதாக வேலை இல்லை. மணிக்கட்டு, தோள், இடுப்பு, கணுக்கால் இந்த நான்கும் ஓரளவு இளகியிருந்தால் போதும். அதுவும் பழகப் பழக வந்துவிடும். சுலபத்தில் இளகாதது வேறொன்று. யாராவது கையைப் பிடித்தால் உடனே இழுக்கிறோம், தள்ளினால் திருப்பித் தள்ளுகிறோம். யோசிப்பதற்கு முன்பே தோள் ஏறிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது என்பதில்தான் ஐகிடோவின் பள்ளிகள் ஆளுக்கொரு வழி போகின்றன. எங்கே சேரலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் உடம்பு. நிக்யோ என்றொரு மணிக்கட்டுப் பூட்டு இருக்கிறது. எதிராளியின் கையைச் சுண்டுவிரல் பக்கம் மேலே வரும்படி திருப்பி, முழங்கை மடங்கியிருக்கும்போதே அவருடைய வயிற்றை நோக்கி அழுத்தினால், அவருக்கு முழங்கால் தானாக மடங்கும். எங்கள் வகுப்பில் ஒருவருக்கு மணிக்கட்டு ரப்பர் மாதிரி. யார் நிக்யோ போட்டாலும் அசையாமல் நிற்பார். ஒரு நாள் நானும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் வலிக்கிறது என்று தட்டியபோது மணிக்கட்டு சுளுக்கிவிட்டிருந்தது. மூன்று வாரம் அந்தக் கையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அவசரப்பட்டது நான்தான். ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது: மூட்டு தளர்ந்திருப்பதும் ஆள் இணங்கிப் போவதும் வேறு வேறு. விறைப்பான மணிக்கட்டு உள்ளவருக்கு வலி சீக்கிரம் வரும், அவர் சீக்கிரம் கீழே போவார், அடிபடாமல் எழுந்துவிடுவார். இவருக்கோ எச்சரிக்கை மணி அடிப்பதே தாமதம்.

இன்னொரு விஷயம். தரையில் சம்மணம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இடுப்பு ஓரளவு திறந்திருக்கும், அது நல்லதுதான். ஆனால் குதிகால் மேல் உட்காரும் சீசாவுக்கு அது மட்டும் போதாது. பாதத்தின் மேல்புறமும் கணுக்காலும் நீள வேண்டும். முழங்காலால் நடக்கும் ஷிக்கோவில் கால் விரல்கள் மடங்கி ஊன்ற வேண்டும். முழங்காலில் பழைய அடி இருந்தால் சென்செயிடம் (ஆசிரியரிடம்) முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, பள்ளிகளுக்கு வருவோம். ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா (1883–1969) 1915-இல் ஹொக்கைடோவில் சோகாகு தகேதாவைச் சந்தித்து, தைதோ-ரியூ ஜுஜுத்சு என்ற பழைய தற்காப்பு முறையைக் கற்றவர். 'ஐகிடோ' என்ற பெயர் 1942-இல்தான் அதிகாரப்பூர்வமானது. கோஸோ ஷியோதா அவரிடம் சேர்ந்தது 1932-இல். ஆசிரியருக்கு ஐம்பது வயதுகூட ஆகாத, பயிற்சி கடுமையாக இருந்த காலம். மொரிஹிரோ சைதோ சேர்ந்தது போர் முடிந்த பிறகு, 1946-இல், இவாமா கிராமத்தில். ஒரே ஆசிரியர்தான், அவரை எந்த வயதில் பார்த்தார்களோ அதையே சீடர்கள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிகளுக்கு இடையே இருக்கும் வாக்குவாதத்தில் பாதி இதிலிருந்தே வந்தது என்று நினைக்கிறேன்.

ஷியோதா 1955-இல் தொடங்கிய யோஷின்கானில் எல்லாமே வடிவம். கிஹோன் தோசா என்ற ஆறு அடிப்படை அசைவுகளை எண்ணிக்கைக்கு ஏற்ப, ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று செய்ய வேண்டும். பின்கால் நேராக, இடுப்பு முன்னால் பார்த்தபடி, கை உடம்பின் நடுக்கோட்டில். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ராணுவ அணிவகுப்பு மாதிரிதான் தெரியும். டோக்கியோ போலீஸின் கலகத் தடுப்புப் படையினர் பயிற்சிக்கு இங்கே வருவதில் ஆச்சரியம் இல்லை. இதில் நெகிழ்வு எங்கே இருக்கிறது? நின்று பார்த்தால் தெரியும். அந்த நிலையில் பத்து எண்ணிக்கை இருந்தால் எந்தத் தசை வீணாக இறுகியிருக்கிறது என்று உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். தொடை நடுங்கும், தோள் மேலே ஏறும். 'எனக்கு இப்படித்தான் வரும்' என்ற பிடிவாதத்துக்கும் அங்கே இடம் கிடையாது. ஷியோதாவே சுமார் 154 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய மனிதர். வயதான காலத்துப் படக்காட்சிகளில் பாருங்கள்: பெரிய ஆட்கள் அவரைத் தொட்ட மாத்திரத்தில் சரிகிறார்கள், அவர் உடம்பில் ஓர் இறுக்கமும் தெரியாது. இந்த வழியின் குறையும் அதில்தான் தெரிகிறது. வடிவத்தைத் தாண்டி அந்த இடத்துக்குப் போகப் பல வருடம் ஆகும். நடுவிலேயே வடிவத்தோடு நின்றுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவாமா வழியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல ஆசை. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடத்துக்கும் மேலாக உயெஷிபாவின் பக்கத்திலேயே இருந்தவர் சைதோ. அவர் வழியில் வகுப்பு தாய் நோ ஹென்கோவில் ஆரம்பிக்கும். பார்ட்னர் உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பார். சும்மா தொட்டுக்கொண்டு நிற்க மாட்டார். தன் முழு பலத்தோடு, விரல் தழும்பு பதியப் பிடிப்பார். நீங்கள் திரும்பி அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

செய்து பார்த்தால் கை அசையாது. இழுத்தால் அவர் பிடி இறுகும். தள்ளினால் உங்கள் தோள்தான் மேலே போகும். ஐந்து நிமிடம் இப்படிப் போராடி, சலித்துப்போய், பிடிபட்ட கையை மறந்துவிட்டு இடுப்பை மட்டும் அவர் பக்கத்தில் கொண்டுபோனால் சட்டென்று திரும்பிவிடும். பிடிபட்ட கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான்தான் அதைச் சுற்றி வந்திருக்கிறேன். இப்போது இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறோம். ஒரு நிமிடம் முன்பு எதிரில் நின்றவர் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அதுதான் எனக்கும் தெரிகிறது. முதல் தடவை இது நடந்தபோது எனக்குக் கண் கலங்கியது. விட்டுக்கொடுப்பது என்றால் தோற்பது என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அசையாத பிடியில் செய்யும் பயிற்சிக்குக் கோதாய் என்று பெயர். அதில் தேறிய பிறகுதான் ஓட்டத்தோடு செய்யும் கி நோ நகாரே. ஆரம்பத்திலேயே ஓட்டத்துக்குப் போய்விட்டால் உகே, அதாவது டெக்னிக்கை வாங்குகிறவர், தானாக விழுந்து கொடுப்பார், நாமும் நெகிழ்ந்துவிட்டதாக நம்பிவிடுவோம். அதோடு கம்பும் மரவாளும் உண்டு: வாளுக்கு ஏழு சுபுரி (தனியாகச் செய்யும் வீச்சுப் பயிற்சி), கம்புக்கு இருபது, முப்பத்தொரு அசைவுள்ள ஜோ கதா என்ற கம்பு வரிசை. தோளை இளக்குவதற்கு நான் கண்ட நல்ல மருந்து தினமும் நூறு வீச்சு. கையால் தூக்கினால் ஐம்பதைத் தாண்டுவதற்குள் தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். வேறு வழியில்லாமல் இடுப்பால் வீசக் கற்றுக்கொள்வோம்.

இங்கேயும் குறை உண்டு. இறுகப் பிடிக்கும் பயிற்சி சில பேரிடம் 'நகர்த்து பார்க்கலாம்' என்ற போட்டியாக மாறிவிடுகிறது. பிடிப்பவர் மனசு கல்லாகிவிட்டால் அங்கே இரண்டு பேருக்கும் பயன் இல்லை.

மூன்றாவது, மனதிலிருந்து தொடங்கும் கொய்ச்சி தோஹெயின் (1920–2011) வழி. 1953-இல் ஹவாய்க்கு ஐகிடோவைக் கொண்டுபோனவர். உயெஷிபாவிடமிருந்து பத்தாவது டான் என்ற மிக உயர்ந்த தரம் பெற்றவர். 1974-இல் உயெஷிபா வழிவந்த தலைமை அமைப்பான ஐகிகாயை விட்டுப் பிரிந்து ஷின்ஷின் தொயித்ஸு ஐகிடோவை அமைத்தார். மனம்தான் உடலை நடத்துகிறது என்ற பாடத்தை அவர் தெம்பு நகமுராவிடம் கற்றார். அந்த நகமுரா, இமயமலைப் பகுதியில் ஒரு யோகியிடம் பயின்றதாகச் சொன்னவர். தொப்புளுக்குக் கீழே ஒரு புள்ளியில் மனதை வை, முழுவதும் தளர், எடையைக் கீழே விடு, கி-யை (உயிர்விசையை) வெளியே நீட்டு என்று நான்கு விதிகள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கையை நீட்டி நண்பரின் தோளில் வையுங்கள். அவர் இரண்டு கையாலும் உங்கள் முழங்கையை மடக்கட்டும். மடக்கவிடக் கூடாது என்று முறுக்கினால் மடங்கிவிடும். விரல் நுனியிலிருந்து தண்ணீர் எதிர்ச் சுவர்வரை பாய்வதாக நினைத்துக்கொண்டு தளர்வாக நில்லுங்கள். கை மடங்காது. முறுக்கும்போது கையை மடக்கும் தசையும் சேர்ந்து இறுகி எதிராளிக்கே உதவி செய்கிறது. தளர்ந்தால் நீட்டும் தசை மட்டும் வேலை செய்கிறது. கி என்ற சொல் பிடிக்காதவர்கள் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தசையைப் பார்த்து 'தளர்' என்றால் அது கேட்பதில்லை, தண்ணீரை நினைத்தால் கேட்கிறது. தோஹெயின் பெரிய கொடை அது. எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான்: சோதிப்பவர் மெதுவாகத் தள்ளும்போது வரும் அமைதி, வேகமான அடி வரும்போது நிற்குமா என்று இந்த வழியில் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

அதைப் பார்த்தவர் கெஞ்சி தொமிகி (1900–1979). ஜூடோவிலிருந்து வந்தவர், வசேதா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். ஒருவர் மிருதுவான போலிக் கத்தியோடு குத்த வர, மற்றவர் வெறுங்கையோடு சமாளிக்கும் ராந்தோரி என்ற போட்டிப் பயிற்சியை அவர் கொண்டுவந்தார். போட்டியை உயெஷிபா ஏற்கவில்லை. அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை. ஆனால் மன நெகிழ்வு இருக்கிறதா இல்லையா என்று ஒளிவுமறைவில்லாமல் தெரிய வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உதாரணத்துக்கு, இக்யோ என்ற கைப் பூட்டில் எதிராளியின் முழங்கையை அழுத்துகிறேன். அவர் திமிறி மேலே எழுகிறார். இக்யோதான் போட வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேரும் மல்லுக்கட்டுவோம். விட்டால், அவர் எழும் அதே வேகத்தில் பின்னால் நுழைந்து இரிமிநாகே என்ற எறியும் டெக்னிக். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போக அரை நொடிகூடக் கிடைக்காது. ஒத்துழைக்கும் பார்ட்னரோடு மட்டும் பழகியவருக்கு அந்த அரை நொடி பழக்கமே இருக்காது.

அப்புறம் ஐகிகாய். உலகத்தில் பெரும்பாலான டோஜோக்கள் அதைச் சேர்ந்தவை. அங்கே எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது, ஆகவே தனியாக எடைபோட முடியவில்லை.

என் தேர்வைக் கேட்டால் இவாமா. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தோள் இறுகிப்போனவர்களுக்கு, தங்கள் இறுக்கம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிடி முதல் வாரத்திலேயே காட்டிவிடும். கூடவே தோஹெயின் நான்கு விதிகளை வீட்டில் தினமும் பத்து நிமிடம் செய்யலாம். ஒழுங்கு இல்லாமல் எதையும் பழக முடியாதவர்களுக்கு யோஷின்கான் பொருந்தும். ஐம்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்கள், விழப் பயப்படுகிறவர்கள் கி வழியில் ஆரம்பிப்பதே நல்லது. அங்கே உகேமியை, அதாவது அடிபடாமல் விழுவதை, மென்மையாகக் கற்றுத்தருகிறார்கள். உகேமியை மட்டும் எந்தப் பள்ளியிலும் அவசரமாகக் கடக்காதீர்கள். ஷிஹோநாகே என்ற எறியும் டெக்னிக்கில் விழுகிறவரின் கை தோளுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். உடம்பு விறைத்தால் பின்மண்டை நேராகத் தரைக்குப் போகும்.

சேருவதற்கு முன்பு ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். சென்செயை விடுங்கள், சீனியர்களைப் பாருங்கள். புதியவர் ஒருவர் தப்பும் தவறுமாக, எதிர்பாராத பக்கத்திலிருந்து கையைப் பிடிக்கும்போது அவர்களுடைய தோள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம், போட நினைத்த டெக்னிக் நடக்காதபோது புதியவரைத் திட்டுகிறார்களா, வேறு பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களா என்றும்.