ஒரு அடித் துண்டை இழைச்சுக் காட்டினா நம்பிடாதீங்க: 41,500 ரூபாய் போச்சு

பழைய சர்ஃபேஸ் பிளானர், அதாவது பலகையை மட்டமா இழைக்கிற மிஷின், வாங்கப் போறவங்க நின்னு படிச்சுட்டுப் போங்க. அதுல முன் டேபிள், பின் டேபிள்னு ரெண்டு இருக்கும்; நடுவுல பிளேடு மாட்டின உருளை சுத்தும், அதுதான் கட்டர் பிளாக்.

பழைய மரவேலை மிஷின் விக்கிற கடை. 8 இஞ்ச் மிஷின் 38,000. வந்து செட்டிங் பண்ணித் தர ஃபிட்டர் கூலி 3,500. மொத்தம் 41,500 ரூபாய், ஒரே தடவையில ஜிபே. பில்லுன்னு கொடுத்தது கையால எழுதின துண்டுச் சீட்டு.

ஏமாந்த இடம் இதுதான். கடைக்காரர் ஒரு அடி வேப்பந்துண்டை ரெண்டு தரம் தள்ளினார். மூலைமட்டம் வெச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டினார். இம்மி சந்து இல்லை. "பாத்துக்குங்க சார், கண்ணாடி!" அந்தத் துண்டுதான் பித்தலாட்டமே. அவ்வளவு குட்டை மரம் பெரும்பாலும் ஏதாவது ஒரு டேபிள் மேலேயே உட்கார்ந்துக்கும். ரெண்டு டேபிளும் ஒரே மட்டத்துல இல்லாத கோளாறு மூணு நாலு அடிப் பலகையிலதான் வெளியே வரும்.

வந்துச்சு. 4 அடி தேக்குப் பலகை ரெண்டை இழைச்சு விளிம்போட விளிம்பு சேர்த்தா, நடுவுல போஸ்ட் கார்டு நுழையுது. முன் டேபிளைப் பின் டேபிள் மட்டத்துக்கு ஏத்தி, மேல நேர்சட்டம் வெச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு) விட்டா, முன் டேபிளோட கடைசி முனை 0.9 மி.மீ. தொங்குது. டேபிள் சறுக்குற தடம் தேஞ்சு போயிருக்கு. அதுக்குள்ள தகரத்தைச் செருகி, மேல புது சாம்பல் பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

3,500 வாங்கின செட்டிங் லட்சணம் இன்னும் மோசம். ஸ்டீல் ஸ்கேலை வெச்சு, ஒரு கண்ணை மூடிப் பாத்து, இருபது நிமிஷத்துல முடிச்சுட்டார் ஃபிட்டர். பிளேடு உச்சிக்கு வர்றப்போ பின் டேபிளோட சரிமட்டமா இருக்கணும். அதைப் பாக்க, பிளக்கைப் பிடுங்கிட்டு, பின் டேபிள்ல இருந்து கட்டர் பிளாக் மேல நீட்டின மாதிரி ஒரு நேரான மரச்சட்டத்தை வெச்சு, டேபிள் விளிம்புல பென்சில் கோடு போட்டு, பிளாக்கைக் கையால மெதுவா சுத்தணும். பிளேடு சட்டத்தை 3 மி.மீ. போல இழுத்துட்டுப் போய் விடும். மூணு பிளேடும், ரெண்டு ஓரத்துலயும், அதே அளவு இழுக்கணும். இதுல 3, 3, 8! மூணாவது பிளேடு ஏறக்குறைய 0.2 மி.மீ. தூக்கலா நிக்குது. அப்போ வெட்டுறது அது ஒண்ணுதான். முன் டேபிளை விட்டு வால்பக்கம் நழுவினதும் பலகை தாழ்வா இருக்கிற பின் டேபிள்ல இறங்கிடும், கடைசி ஒரு இஞ்சுல பள்ளம் விழும். எல்லாப் பலகையிலயும் விழுந்துச்சு.

அந்தப் பிளேடை அழுத்திப் பிடிக்கிற ஆப்புல நாலு போல்ட். ரெண்டுக்குத் தலை தேஞ்சு ஸ்பானர் வழுக்குது, இறுகவே இல்லை. நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல ஓடுற பிளாக்குங்க! கத்தி கழண்டு பறந்திருந்தா யார் பதில் சொல்றது? கட்டர் மேல மூடுற கார்டும் இல்லை. "அப்புறம் கூரியர்ல அனுப்புறோம்"னாங்க, இன்னைக்கு வரைக்கும் வரலை.

போன் பண்ணினா முதல் நாள் "மரம் காயலை சார்." ரெண்டாம் நாள் "வோல்டேஜ் கம்மியா இருக்கும்." அப்புறம் "கை பழகணும் சார், போகப் போகச் சரியாயிடும்." 0.9 மி.மீ. தொங்கல் கை பழகினா நிமிருமா? கடைசியா "ஃபிட்டர் ஊருக்குப் போயிருக்கார்." இப்போ வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். 41,500 ரூபாய்!

வாங்கறப்போ பாக்க வேண்டியது பத்துப் பாயிண்ட் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆத்திரத்துல ஓடலை. இப்போதைக்கு இவ்வளவுதான்: நாலடி நேர்சட்டமும் ஃபீலர் கேஜும் உங்க கையோட கொண்டு போங்க. நாலடிப் பலகை ரெண்டு நீங்களே எடுத்துட்டுப் போய் அங்கேயே இழைச்சு, சேர்த்துப் பாருங்க. ஒரு தள்ளுக்கு 1 மி.மீ.க்கு மேல எடுக்கச் சொல்லாதீங்க. நீங்க தள்ளினா கையைக் கட்டருக்கு மேல கொண்டு போகாம தள்ளுகட்டையாலயே தள்ளுங்க. கார்டு இல்லாத மிஷினை வண்டியில ஏத்தாதீங்க. ஆப்பு போல்ட்டை ஒண்ணு விடாம உங்க ஸ்பானரைப் போட்டுத் திருகிப் பாத்துட்டு அப்புறம் ஜிபே பண்ணப் போனை எடுங்க.