ரீஃப் செக்கா, கோரல் வாட்ச்சா: எதிலிருந்து தொடங்குவது?

ஸ்கூபா கற்றவர்கள் பவளப்பாறைக் கணக்கெடுப்பில் இறங்கும்போது இந்த இரண்டு தன்னார்வக் கணக்கெடுப்புத் திட்டங்களில் எதைத் தேர்வது என்றுதான் தயங்கி நிற்கிறார்கள்.

பயிற்சி: ரீஃப் செக்குக்குக் கட்டணப் பயிற்சி உண்டு, நீருக்கடியில் அடையாளம் காணும் தேர்விலும் தேற வேண்டும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல் வாட்ச்சுக்கு ஒரு வண்ண அட்டையும் எழுதுபலகையும் போதும்.

வேலை: கோரல் வாட்ச்சில் ஒவ்வொரு பவளத்திலும் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையின் 1 முதல் 6 வரையான நிறப்படிகளோடு ஒப்பிட்டுக் குறிக்கிறோம். ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய்) போட்டும் செய்யலாம். ரீஃப் செக் வேறு ரகம். அளவு நாடாவைப் பவளப்பாறைமேல் விரித்து, 20 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள், இடையே 5 மீட்டர் இடைவெளி. அரை மீட்டருக்கு ஒருமுறை தூக்குக்குண்டை இறக்கி, அது தொடுவது கல்பவளமா, மணலா, பாறையா என்று எழுத வேண்டும்: மொத்தம் 160 புள்ளிகள். அழகான பவளம் பக்கத்தில் இருந்தாலும் குண்டு மணலில் விழுந்தால் மணல்தான். இந்த நேர்மைதான் அந்தத் தரவின் பலம். அப்புறம் மீன்களையும் முதுகெலும்பிலிகளையும் தனியாக எண்ண வேண்டும்.

மிதவைக் கட்டுப்பாடு (நீருக்குள் மேலேறாமல், கீழிறங்காமல் நிலையாக மிதப்பது): இரண்டுக்கும் கட்டாயம். துடுப்பு பட்டு ஒரு கிளை ஒடிந்தால் கணக்கெடுத்து என்ன பயன்?

வெளிறல், அதாவது பவளம் நிறமிழந்து வெளுப்பது, வருகிறதா என்று அடிக்கடி பார்க்க நினைப்பவருக்குக் கோரல் வாட்ச் சரி. நிலையான குழுவோடு ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்ப முடிகிறவர் ரீஃப் செக் பயிற்சியே எடுக்கட்டும். புதியவர் என்றால் முதலில் அட்டையோடு பழகுங்கள், மிதவை கைவந்த பிறகு நாடாவைத் தொடலாம்.