எட்டு இதழா, பொத்தானா? பெயர் தெரியாத பவளத்துக்கு இடம் தேடுவது

வீட்டிலுள்ள கடல்நீர்த் தொட்டிக்காகக் கோவையில் வாங்கி வந்த உயிர்ப்பாறைத் (கடல் உயிர்கள் ஒட்டி வாழும் பாறை) துண்டின் ஓரத்தில், மிளகு அளவில் பழுப்பு நிற முடிச்சுகள் ஒட்டியிருந்தன. கடைக்காரருக்கும் பெயர் தெரியவில்லை. அம்மா தொட்டியின் கண்ணாடிக்கு அருகில் குனிந்து, "இது பூவா, பூச்சியா கண்ணு?" என்று கேட்டார். உயிரினம் என்று சொல்லிவிட்டேன். எந்த உயிரினம் என்பதில்தான், அதை எங்கே வைப்பது என்ற முடிவே அடங்கியிருக்கிறது.

நிறத்தை நம்பாதீர்கள். நீல விளக்கில் பச்சையாக ஒளிரும் பவளம் வெள்ளை விளக்கில் மங்கிவிடும். கொடுக்குகளை, அதாவது வாயைச் சுற்றி இதழ் போல விரியும் மெல்லிய விரல்களை, எண்ணுவதே சரியான வழி. நீரோட்ட மோட்டாரை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, கையில் லென்ஸுடன் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் முதல் முடிச்சு விரிந்தது. சரியாக எட்டுக் கொடுக்குகள். ஒவ்வொன்றும் தென்னங்கீற்றைச் சிறிதாக்கியது போல, நடுவில் ஈர்க்கு, இருபுறமும் மெல்லிய இழைகள்.

பொத்தான் பவளம் எனப்படும் சோவாந்தஸ் இதற்கு நேர் எதிர். அதன் தட்டையான வட்டத்தைச் சுற்றி வழவழப்பான கொடுக்குகள் விளிம்பில் நெருங்கி நிற்கும். எட்டோடு நிற்காது, இழையும் இருக்காது. இரண்டும் மூடியிருக்கும்போது அண்ணன் தம்பி போலத் தெரிவதால்தான் ஆபத்து. பொத்தான் பவள வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. பெயர் உறுதியாகும்வரை கையுறை அணியுங்கள். பாறையைத் தேய்க்காதீர்கள்; எக்காரணம் கொண்டும் வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைவரை போயிருக்கிறார்கள்.

எட்டு இருந்தால், எட்டு இதழ் கொண்ட மென்பவளமான கிராம்புப் பவளம் என்று உடனே மகிழ்ந்துவிடவும் முடியாது. ஆர்கன் பைப் எனப்படும் குழல் பவளத்துக்கும் எட்டுதான். பூ மூடியபின் அடியைப் பாருங்கள். கிராம்புப் பவளத்தின் குழாய் தோல் போல மெத்தென்று இருக்கும். குழல் பவளத்துக்குச் செந்நிறக் கல் குழாய்கள் அடுக்காக நிற்கும். குழல் பவளமும் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்தெடுத்த கல் பவளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். என் பாறையில் இருந்தது மெத்தென்ற குழாய்தான்.

நாள்கணக்கில் விரியவே இல்லையென்றால் முதலில் உப்பளவைப் பாருங்கள், ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும். வீட்டுக்குச் சிறுவாணி நீரே வந்தாலும் உப்புக் கலக்க ஆர்.ஓ. நீர்தான் சரி.

இனி இடம். மேல்தட்டா, அடித்தளமா என்றால் நான் தயங்காமல் அடித்தளம் என்பேன். ஒளி போதாத பவளம் கழுத்தை நீட்டித் தேடும். அதைப் பார்த்து வாரம் ஒரு படி மேலே ஏற்றலாம். ஒளி மிகுந்துபோன பவளமோ சில நாள்களில் வெளுத்துவிடும், மீட்பது கடினம். நமது ஏப்ரல் மாதத்தில் இது இன்னும் முக்கியம். மின்சாரம் போய், நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று நீர் சூடேறும்போது, கடும் ஒளியும் சேர்ந்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. தொடக்கத்துக்குப் பார் அளவு (பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு, PAR) 50 முதல் 100 போதும். நீரோட்டம் நேராக அடிக்காமல், கொடுக்குகள் இலேசாக அசையும்படி இருக்கட்டும்.

பெரிய பாறையில் ஒட்டுவதா, தனிக் கல்லில் வைப்பதா என்பதில் பலர் முதலாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள், பார்வைக்கு அழகு என்பதால். நான் எதிர்க்கட்சி. கிராம்புப் பவளம் அருகம்புல் போல ஓடுதண்டு விட்டுப் படரும். பொத்தான் பவளமும் பாறையை மூடிவிடும். மணல்மேல் தனிக் கல் என்றால் வேண்டியபோது தூக்கி நகர்த்தலாம்.

அப்படித்தான் வைத்தேன். மூன்று வாரமாகிறது. நேற்றிரவு எண்ணினேன்: 11 பூக்கள் இருந்த கல்லில் 14. புதிதாக வந்த மூன்றிலும் எட்டெட்டுக் கீற்றுகள்.