காதை மூடாத ஹெட்செட்: புத்தகம் கேட்டுக்கொண்டே கல்லடியில ஓடிப் பாத்த ரிவியூ

முதல்லயே சொல்லிப்போடுறன், இதில பிராண்ட் பேர் வராது. நான் சொல்லப் போறதில முக்கால்வாசி, எலும்பு வழியாச் சத்தம் அனுப்புற இந்த வகை ஹெட்செட் எல்லாத்துக்கும் பொதுவானது, பேரைப் போட்டா கம்பனிக்காரன்ட்ட எவ்வளவு வாங்கினீங்க எண்டு கேக்குற ஆக்களும் இருக்கு. சொந்தக் காசுதான், சரியாச் சொன்னா கல்யாணத்துக்கு வந்த என்வலப் காசு, ஒண்டு 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல, ரெண்டு எடுத்தம். அந்தக் காசுக்கு அம்மா ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் பாத்து வச்சிருந்தவ, அந்தக் கதை இன்னும் வீட்டில முடியல்ல.

ஆர் வாங்கினது எண்டு தெரிஞ்சாத்தான் மிச்சம் விளங்கும். எங்கட ஆள் காரைதீவு, நான் கல்லடி, எங்கட பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிச்சு அவர் எங்கட வீட்டுக்கு வந்திட்டார், வரக்குள்ள கொண்டு வந்தது ஒரு சூட்கேஸ் உடுப்பும் பெட்டி பெட்டியாப் புத்தகமும் ஓடுற சப்பாத்தும்தான். எனக்கும் அதே ரெண்டு விசர், அதாலதான் கல்யாணமே நடந்தது எண்டு வையுங்க. இவருக்கு முழு மரதன் ஓடணும், 42.195 கிலோமீட்டர், எனக்கு அதில பாதி போதும். பிரச்சினை என்னெண்டா ஓடுறதுக்கும் வாசிக்கிறதுக்கும் எங்களுக்குக் கிடைக்கிற நேரம் ஒண்டேதான், வேலைக்குப் போக முதல் இருக்குற அந்த விடியக்காலை. பின்னேரம் வந்து ஓடுவம் எண்டா மட்டக்களப்பு வெக்கை, ராவைக்கு வாசிப்பம் எண்டா ரெண்டு பக்கத்தில கண் சொருகிடும். அப்ப ஓடக்குள்ளயே புத்தகத்தைக் கேப்பம் எண்டு வந்து நிண்ட இடம்தான் இது.

இது காதுக்குள்ள போடுறதில்ல. காதுத் துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால, கன்ன எலும்புக்கு மேல ரெண்டு சின்னப் பெட்டி ஒட்டி நிக்கும், காதுக்கு மேலால போய் கழுத்துக்குப் பின்னால டைட்டேனியம் கம்பி ஒண்டு ரெண்டையும் சேக்கும். சத்தம் அதிர்வா மாறி எலும்பு வழியா நேர உள்காதுக்குப் போகும், துவாரமும் செவிப்பறையும் தங்கட பாட்டுக்கு வெளியில நடக்குறதக் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கட ஊர் ஆக்களுக்கு இத விளங்கப்படுத்துறது லேசு, பூரணைக்கு வாவியில தோணியில போய் மீன் பாடுறதக் கேக்குறவங்க துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற முனையக் காதோட ஒட்டி வச்சுத்தானே கேக்குறவங்க, அதே வேலைதான், மரத்துக்குப் பதிலா உங்கட எலும்பு.

எங்கட பாதை பழைய கல்லடிப் பாலத்தால போகும். 1924ல திறந்த பாலம், 2013ல பக்கத்தில புதுசு வந்த பிறகு பெரிய வாகனம் எல்லாம் அதால போறதால பழையதில கொஞ்சம் நிம்மதியா ஓடலாம். பாலம் தாண்டி புளியந்தீவு, காந்தி பூங்கா, கோட்டைப் பக்கம் சுத்தி வந்தா நாளாந்த ஓட்டம் முடியும். ஞாயிறு நீளமா ஓடுற நாளெண்டா மற்றப் பக்கம், கல்முனை ரோட்டைப் பிடிச்சு காத்தான்குடி நடுரோட்டுப் பேரீச்ச மரங்களைத் தாண்டி ஆரையம்பதி வரைக்கும். இந்த ரோட்டில வெள்ளண ஓடின ஆக்களுக்குத் தெரியும், கல்முனை பஸ் ரெண்டு ஒண்டையொண்டு முந்தி வரும், படுத்துக் கிடக்குற மாடு எந்த நேரம் ஒழும்பும் எண்டு தெரியாது, ஒழுங்கைக்கு ஒரு நாய்க் கூட்டம். காதை அடைச்சுக்கொண்டு இதுக்குள்ள ஓடுறவன் துணிஞ்ச ஆள்தான்.

எனக்கு அதவிட வேற ஒரு காரணமும் இருக்கு. பொம்பிளை தனிய ஓடுறதெண்டா பின்னால வாற மோட்டார்சைக்கிள் வேகம் குறையுதா எண்டு காது பாத்துக்கொண்டே இருக்கும், அது பழகிப்போன வேலை, ஓடக்குள்ள பாதி மூளை அங்கதான். முதல் பாவிச்ச இயர்போன ஒரு காதில மட்டும் போட்டுத்தான் ஓடுறனான், அதுவும் ஒவ்வொரு சந்தியிலயும் கழட்டிக் கழட்டி. இதில அந்தக் கஷ்டம் இல்ல. சைக்கிள் செயின் சத்தம், ஆரும் கிட்ட வந்து கதைக்கிறது, நாய் உறுமுறது எல்லாம் கதைக்குள்ளாலயும் கேக்கும். இவருக்கு இது ஒரு வசதி, எனக்கு இது இல்லாட்டி தனிய ஓடுற நாள்ல புத்தகமே இல்ல. இந்த வித்தியாசத்தை அவருக்கு விளங்கப்படுத்தக் கொஞ்ச நாள் எடுத்தது, இப்ப விளங்கிட்டுது.

சத்தத்தின்ட தரம். பாட்டுக் கேக்க வாங்குறதெண்டா வேணாம், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றன். அடித்தொனி வராது, தவில் அடிச்சா யாரோ பக்கத்து வீட்டில மேசையத் தட்டுறதாக் கேக்கும், சத்தத்தைக் கூட்டினா கன்னத்தில கிசுகிசு எண்டு கூச்சம் எடுக்கும். ஆனா மனிசக் குரல் தெளிவு, புத்தகத்துக்கு அதுதானே வேணும். பஸ் ஒண்டு பக்கத்தால போனா ரெண்டு வசனம் போயிடும், அந்த நேரம் சத்தத்தைக் கூட்டுற பழக்கத்துக்குப் போகாதீங்க, செவிப்பறையத் தொடல்ல எண்டதால காதுக்குக் கேடில்ல எண்டு சில பேர் நினைக்கிறாங்க, அது பிழை, அதிர்வு போய்ச் சேருறது அதே உள்காதுக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு 80 டெசிபலில கிழமைக்கு 40 மணித்தியாலம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும், ஹெட்செட் எந்த வகையா இருந்தாலும் இது மாறாது. போன வசனத்துக்கு 15 செக்கன் பின்னுக்குப் போற பட்டனை அமத்தினா முடிஞ்சுது.

சரி, தமிழ்ல என்னத்தைக் கேக்குற? இங்கதான் கனக்கக் கதைக்க இருக்கு, ஹெட்செட் வாங்குற ஆக்கள் ஒருத்தரும் இத யோசிக்கிறதில்ல. ஒலிப்புத்தக ஆப் ரெண்டு மூண்டில தமிழ் இருக்கு, ஆனா எல்லாம் தமிழ்நாட்டுக் குரல், தமிழ்நாட்டுப் புத்தகம், எங்கட எழுத்தாளர்மார்ட கதை அதில தேடிக் களைச்சுப் போவீங்க. நாங்க செய்யிறது போன் வாசிக்கிறதக் கேக்குறது. கூகிள்ட தமிழ்க் குரலைப் போனில இறக்கி வச்சா எழுத்தா இருக்குற எந்தப் புத்தகத்தையும் அது வாசிக்கும். பழைய தமிழ் நூல்களை இணையத்தில சும்மா வாசிக்கப் போடுற மதுரைத் திட்டம் 1998 பொங்கலோட தொடங்கினது, அங்க இருக்குற பழைய நூல் எல்லாம் யுனிகோட்டில கிடக்கு, அப்பிடியே குடுத்தா வாசிக்கும். 2005ல தொடங்கின நூலகம் தளத்தில எங்கட ஊர்ப் புத்தகம், சஞ்சிகை எல்லாம் குவிஞ்சு கிடக்கு, ஆனா அதில கனக்க ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், அதாவது படம், போனுக்கு அது எழுத்தில்ல. இவர் அத கூகிள் ட்ரைவ்ல ஏத்தி டொக்ஸ்ல திறந்து எழுத்தா மாத்துறார், ஒத்தை நிரலாப் போட்ட புத்தகம் எண்டா நல்லா வருது, ரெண்டு நிரல் சஞ்சிகை எண்டா ரெண்டு கட்டுரையும் கலந்து ஒரு புது இலக்கியம் பிறக்கும். சனிக்கிழமை ராவைக்கு இவர் இருந்து பிழை திருத்துறதப் பாத்து அம்மா, மருமகனுக்கு ஒபிஸ் வேலை கூடவோ எண்டு கவலைப்படுறா.

மெசின் குரலுக்கு உணர்ச்சி கிடையாது, பேச்சுத்தமிழ் உரையாடலில சறுக்கும், சுருக்கெழுத்து வந்தா தடுமாறும், கவிதை வேணவே வேணாம். பயணக் கதை, வரலாறு, ஆக்கள் தங்கட வாழ்க்கையச் சொல்ற புத்தகம் நல்லாப் போகும். துப்பறியும் நாவல் கேட்டா எனக்கு அறியாமலே வேகம் கூடுது, மெதுவா ஓட வேண்டிய நாளும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறன். மறுகா, வேகப் பயிற்சி நாள்ல புத்தகம் போடாதீங்க, நானூறு மீட்டர் விரட்டி ஓடக்குள்ள எவன் செத்தவன் எவன் கொலை செஞ்சவன் எண்டு மண்டைக்குள்ள நிக்காது. கதைச்சுக்கொண்டே ஓடக்கூடிய வேகம் எண்டு சொல்லுவாங்களே, அந்த வேகத்துக்குத்தான் புத்தகம்.

இப்ப சோடிகளுக்கு. ஒரு போனில இருந்து ரெண்டு ஹெட்செட்டுக்கும் ஒரே புத்தகத்தைப் போட்டு ரெண்டு பேரும் ஒண்டாக் கேப்பம் எண்டது இவர்ட ஐடியா, சில போன்ல அந்த வசதி இருக்கு, எங்கட போன்லயும் இருந்தது. கேக்க அழகான யோசினை. ஆனா சாதாரண ப்ளூடூத் பத்து மீட்டர் அளவுதான் நம்பிப் போகலாம், நான் இவரவிடக் கொஞ்சம் வேகம், போன் இவர்ட இடுப்பில, கொஞ்சம் முன்னுக்குப் போனா எனக்குக் கதை விக்கி விக்கி வரும், அங்கால ஒரு எட்டு வச்சா நிண்டிடும். மெதுவாப் போ புள்ள எண்டு பின்னால இருந்து சத்தம் போடுறார், அது மட்டும் வடிவாக் கேக்குது, காது திறந்துதானே இருக்கு. இப்ப ஆளுக்கு ஒரு போன், ஒரே ஃபைல், படலையடியில ஒண்டா அமத்திப்போட்டு ஓடுறம். ஒராள் பின்னுக்குப் போட்டுக் கேட்டா அதோட முன்ன பின்னதான், பரவாயில்ல. ஓடி முடிச்சு வந்து பால் அப்பத்தோட இருந்து அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறது, அதுக்கு இந்த 40,000 சொச்சமும் தகும் எண்டுதான் நான் சொல்லுவன். கேட்ட புத்தகத்தை வாசிச்ச புத்தகப் பட்டியல்ல சேக்கலாமா எண்டதுல மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரல்ல, இவர் அரைப் புத்தகம் எண்டுதான் கணக்குப் போடுறார். அந்தக் கணக்குப்படி நான் பின்னுக்கு நிக்கிறன், அதால ஏத்துக்கொள்ள மாட்டன்.

போட்டுப் பாக்குற விசயம். கண்ணாடி போடுற ஆக்களுக்குக் காதுக்கு மேல ரெண்டு கம்பி, இவருக்கு முதல்ல நோவு, கண்ணாடிய முதல் போட்டு ஹெட்செட்ட அதுக்கு மேல போட்டா சரி. எனக்குத் தோடு பிரச்சினையில்ல, கொண்டைதான் பிரச்சினை, தாழக் கட்டினா பின் கம்பி அதில இடிச்சு முன்னுக்குத் தள்ளும், உயரக் கட்டணும். புதுசாக் கல்யாணம் முடிச்ச பொம்பிளைகள் ஆரும் கேப்பீங்க எண்டு சொல்றன், ஓடக்குள்ள தொல்லை தாற விசயத்தில இந்த ஹெட்செட் தாலிக்கொடிக்குக் கிட்டயும் வராது, கொடிய டீசேட்டுக்கு உள்ளுக்கு விட்டு மேல ஒரு இறுக்கமான உடுப்பு போட்டாத்தான் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்.

வேர்வைக்கும் மழைக்கும் நிக்கும். எங்கடது ஐபி67, அந்த 6 தூசுக்கு, 7 எண்டா ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணித்தியாலம் தாங்கும் எண்டது. அதப் பாத்துட்டுக் கடலுக்க இறங்காதீங்க, அந்தச் சோதினை நல்ல தண்ணியில செய்யிறது, ப்ளூடூத் தண்ணிக்குள்ள வேலை செய்யாததும் இருக்கு. மாரி மழையில, நாங்க ஒக்டோபர் தாண்டினா நனையாம ஓடினதே குறைவு, ஒண்டும் ஆகல்ல. ஆனா எங்கட ஊர் வேர்வை உப்பு, வந்தவுடன ஈரத்துணியால துடைச்சுக் காயவிட்டுத்தான் சார்ஜ் போடணும். ஒருக்காச் சார்ஜ் போட்டா 8 மணித்தியாலம் எண்டு வாங்கின பெட்டியில கிடக்கு, கிட்டத்தட்ட நிக்குது.

போட்டிக்குப் போற ஆக்கள் விதியைப் பாத்துக்கொள்ளுங்க. பிரித்தானியாவில வாகனத்துக்கு மூடாத ரோட்டில நடக்குற ஓட்டங்கள்ல காதை அடைக்கிற இயர்போனுக்குத் தடை, எலும்பு வழி ஹெட்செட்டுக்கு மட்டும் அனுமதி. இங்க ஒவ்வொரு போட்டிக்கும் நடத்துற ஆக்கள்ட்ட கேட்டுத்தான் போடணும், இடம் பிடிக்க ஓடுற ஆள் எண்டா கழட்டி வச்சிட்டே ஓடுங்க.

வாங்கக்குள்ள ஒரு சோதினை. ஒன்லைன்ல மூவாயிரம் நாலாயிரத்துக்கு இதே வடிவத்தில கிடக்கும், எலும்பு வழி எண்டுதான் போட்டிருப்பாங்க, கனக்கதுக்குள்ள இருக்குறது காதுக்குக் கிட்ட வச்ச சின்ன ஸ்பீக்கர் மட்டும்தான். போட்டு ஓடவிட்டு ரெண்டு விரலால காதை இறுக்கி அடையுங்க. மெய்யான சாமான் எண்டா சத்தம் கூடும், அடித்தொனியும் வரும், கள்ளச் சாமான் எண்டா சத்தம் அடங்கிடும். மச்சாள் ஒராளுக்கு இந்தச் சோதினை அவ காசு குடுத்த பிறகுதான் தெரிஞ்சது.

ஒபிஸுக்குள்ள, பஸ்ஸுக்குள்ள பாவிக்க எண்டா சாதாரண இயர்போனே போதும், இதில வெளிச்சத்தம் எல்லாம் உள்ளுக்கு வரும், அமைதியான இடத்தில பக்கத்து ஆளுக்கும் மெல்லிசாக் கேக்கும். ஹெல்மெட்டோட ஒத்து வராது. எங்கட மொடலுக்கு காந்தத்தில ஒட்டுற தனி சார்ஜ் வயர், வேற எந்த வயரும் பொருந்தாது, டவுன்ல தேடிப் பாத்தம் தனிய விக்கிறாங்க இல்ல. இப்ப டைப் சி போட்டு வாற மொடலும் இருக்கு, கொஞ்சம் காசு கூடினாலும் அதையே பாத்து எடுங்க.