ராக் சக்கர் சுப்ரீம் செட்: போட்ட காசு திரும்புமா?

ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் சுப்ரீம், சுட்ட தோட்டாவின் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்ப உதவும் செட்டின் முக்கியக் கருவி: ஒரு நேரத்தில் ஒரே டை (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாட்டும் வார்ப்பிரும்பு பிரஸ். பெரிய மேக்னம் (அதிக வெடிமருந்து பிடிக்கும் வகை) கூட்டை அளவுக்குச் சுருக்கும்போதும் பிரஸ்ஸின் சட்டம் வளையாது. பொருளின் தரத்தில் குறையே இல்லை. ஆனால் கடையில் தோட்டா வாங்குவதைவிட இது மலிவா என்பது காலிபரை, அதாவது தோட்டாவின் வகையை, பொறுத்தது.

ஒரு தோட்டாவின் செலவு குண்டு, ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, பித்தளைக் கூடு என நான்கு. ஒரு பவுண்டு மருந்தில் 7000 கிரெயின் (சிறிய எடை அலகு). .223 ரெமிங்டன் காலிபருக்குத் தோராயமாக 25 கிரெயின் என்று வைத்தால் 280 தோட்டா வரும். .308 வின்செஸ்டருக்கு 44 என்றால் 159. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 70 என்றால் வெறும் 100. இவை செலவுக் கணக்குக்கு மட்டும். மருந்தின் உண்மையான அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண .223 பயிற்சித் தோட்டாவுக்காக இதை வாங்காதீர்கள். தொழிற்சாலை மொத்தமாகச் செய்யும் விலையோடு போட்டி போட முடியாது, மிச்சம் சில்லறைதான். மேக்னம், அரிய காலிபர், போட்டித் தரக் குண்டு ஆகியவற்றில்தான் உண்மையான லாபம். செட்டும் உபரிச் சாமான்களும் சேர்ந்து 400 போட்டித் தோட்டாவின் விலை ஆகிறது, சொந்தமாக நிரப்பினால் செலவு பாதி என்று கொள்வோம்: 800-வது தோட்டாவில்தான் போட்ட முதல் திரும்பும். உழைக்கும் நேரத்துக்கு இதில் கூலி சேர்க்கவில்லை.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கூடுதான். அதன் விலையை எத்தனை முறை நிரப்புகிறோமோ அத்தனையால் வகுக்க வேண்டும். கூட்டைச் சுருக்கும் சைஸிங் டையை அளவுக்கு மீறி இறக்கினால் கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) பின்னுக்குப் போகிறது. சுடும்போது கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. சில சுற்றுகளிலேயே தலை எனப்படும் அந்த அடிப்பகுதி தனியாகப் பிய்ந்துவிடும். விலை நட்டத்தைவிட இது ஆபத்து. போல்ட் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) தோளை 0.002 அங்குலம் தள்ளினால் போதும். வளைத்த கம்பி முனையைக் கூட்டுக்குள் விட்டு, அடிக்குச் சற்று மேலே சுவரை உரசிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டைத் தூக்கி எறியுங்கள். கழுத்தில் விரிசல் விழுந்தாலும் அப்படியே.

செட்டில் டை, ஷெல் ஹோல்டர் (கூட்டைப் பிரஸ்ஸில் பிடிக்கும் துண்டு), காலிப்பர் (நீளம் அளக்கும் கருவி), டிரிம்மர் (கூட்டின் நீளத்தை வெட்டும் கருவி) கிடையாது. டிரிம்மரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். .308 கூடு 2.015 அங்குலத்தைத் தாண்டினால் கழுத்து சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) நெருங்கி, குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை ஏற்றும், 2.005-க்கு வெட்டுவது வழக்கம். மசகு தடவாமல் சைஸ் செய்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். எடுக்கத் தனிக் கருவி வேண்டும், அதுவும் செலவுதான்.

பார்சலில் வரும் ப்ரைமருக்கும் மருந்துக்கும் அபாயப் பொருள் கட்டணம் பொதுவாக ஆர்டருக்கு ஒருமுறை விழும். இரண்டையும் ஒரே ஆர்டரில், உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் மொத்தமாக வாங்குங்கள்.