தாமரைக் கோபுரமா, காலிமுகத்திடலா?

யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் வந்து, கொழும்பில் ஒரேயொரு பின்னேரம்தான் மிச்சம் என்றால் நகரை மேலேயிருந்து பார்க்கத் தாமரைக் கோபுரத்துக்குப் போவதா, கடலோரத்துக் காலிமுகத்திடலுக்குப் போவதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் கட்டாயம் எழும்.

செலவு: திடலுக்குக் காசே இல்லை. இறால் வடையும் பட்டமும்தான் (பிள்ளைகள் கூட வந்தால் அதுவே பெரிய கணக்கு). கோபுரத்துக்கு டிக்கெட், வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவுக்கு உள்ளூர்க் கட்டணத்தைவிட நன்றாகவே கூட.

காட்சி: இதில் கோபுரத்தோடு போட்டி போட முடியாது. 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உயரம் ஏறக்குறைய 350 மீட்டர். பார்வைத் தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கீழே பேரை வாவி, ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், அப்பால் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம். புறக்கோட்டைக் கடைத்தெரு நெரிசல்கூட மேலேயிருந்து பார்க்க அழகுதான்! ஐந்தரைக்கு ஏறிவிடுங்கள். பகல் வெளிச்சம், அந்தி, விளக்கு எரியும் நகரம், மூன்றும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். திடலில் சூரியன் கடலில் இறங்குவதைக் காற்று வாங்கியபடி பார்க்கலாம். சரி, அதுவும் குறைந்ததல்ல.

மழை: இரண்டுக்கும் ஆகாது. மேலே மேகம் மறைத்தால் டிக்கெட் காசு வீண். திடலில் நனைவதோடு சரி.

முதல் தடவை வருபவர்களைக் கோபுரத்துக்கே கூட்டிப் போவேன். ஓடித்திரியும் சின்னப் பிள்ளைகளோ, உயரம் என்றாலே தலைசுற்றும் அம்மம்மாவோ வந்தால் திடல்தான்.